பக்கத்து லேன்காரர்

புரதப் பவுடர் டப்பாவை வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போஸ்ட்மாஸ்டர் ஒளித்துக்கொண்டிருந்தபோது, மனைவி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏற்கெனவே அங்க ரெண்டு இருக்கு. தள்ளி விட்டுடாதீங்க."

கையும் களவுமாகப் பிடிபட்டாலும் கம்பீரம் குறையாமல் நிமிர்ந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக மூத்தோர் நீச்சல் போட்டிக்குப் பேர் கொடுத்திருந்தார். பதக்கம் இல்லாமல் வீடு திரும்பமாட்டேன் என்று பழைய ஆபீஸ் ஆட்கள் அத்தனை பேரிடமும் சொல்லியாகிவிட்டது. இன்னும் பத்தே நாள்.

"முட்டை அவிச்சிருக்கேன். பருப்பு இருக்கு, பழம் இருக்கு. டப்பாவில அடைச்சு மேல சிங்கம் படம் ஒட்டினாத்தான் இறங்குமா உங்களுக்கு?"

"அந்தப் பல் டாக்டர் நீந்துறதை நீ பார்த்ததில்ல. பேசாம போ."

பல் டாக்டர் தினமும் காலையில் நீச்சல் குளத்தில் பக்கத்து லேனில் நீந்துபவர். முகத்தில் பாதியைத் தொப்பியும் கண்ணாடியும் மறைத்திருக்கும். நீரைக் கிழித்துக்கொண்டு போய், போஸ்ட்மாஸ்டருக்கு ஒரு கை முன்னால் சுவரைத் தொட்டுவிடுவார்.

"என்னதான் சாப்பிடுறீங்க டாக்டர்?" என்று ஒருநாள் கேட்டே விட்டார்.

"வீட்ல போடுறதை" என்று அவர் வாழைப்பழத்தை உரித்தார்.

இதை நம்ப போஸ்ட்மாஸ்டர் என்ன பச்சைக் குழந்தையா? நேரே மனைவியின் தம்பி நடத்தும் பவுடர் கடைக்குப் போனதன் விளைவுதான் இந்த மூன்று டப்பாக்கள்.

மூன்றே நாளில் வயிறு பானையாக உப்பியது.

"உள்ள வேலை நடக்குது அத்தான். ஜீரணத்துக்கு இதைப் போடுங்க" என்று மச்சான் மாத்திரை கொடுத்தான்.

வயிறு இறங்கியது. கூடவே ஆளும் இறங்கிவிட்டார். பாதி நீச்சலில் கொட்டாவி வந்து, குளத்தில் கால்வாசியைக் குடித்தார்.

"சுறுசுறுப்புக்கு இந்தப் பாக்கெட், அத்தான்."

அதைக் கரைத்துக் குடித்ததும் கை நடுங்கத் தொடங்கியது. வாய்க்குக் கொண்டுபோன பல் பிரஷ் காதில் போய் இடித்தது.

"நடுக்கத்துக்கு மக்னீசியம்."

மக்னீசியம் செய்த வேலையை விரிவாக எழுத முடியாது. குளத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவே அவர் பறந்ததைப் பற்றி மனைவி மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள்.

"பேசாம ஓட்டப்பந்தயத்துக்குப் பேர் கொடுத்திருக்கலாம்."

போட்டி நாள். அவள் நீட்டிய பழத்தை ஒதுக்கிவிட்டு, இழந்த பலத்தை ஒரேயடியாக மீட்க நாலு கரண்டிப் பவுடரை விழுங்கினார். வயிறு மறுபடி பானையானது. பக்கத்து லேனில், வழக்கம்போல, பல் டாக்டர்.

விசில் ஒலித்தது. போஸ்ட்மாஸ்டர் குதித்தார், முதலில் வயிறு விழுந்தது, பிறகு அவர் விழுந்தார். மூச்சைப் பிடித்துக் கைகால்களை அடித்துச் சுவரைத் தொட்டு நிமிர்ந்தபோது, டாக்டர் மேலே ஏறித் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

போஸ்ட்மாஸ்டர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஆபீஸ்காரங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"தண்ணி சரியில்லைன்னு சொல்லுங்க" என்று மனைவி பழத்தை உரித்து நீட்டினாள். இந்தத் தடவை வாங்கிக்கொண்டார்.

முடிவுத் தாளோடு ஒரு பெண் வேகமாக வந்தாள். "சார், எவ்வளவு நேரமா மைக்ல கூப்பிடுறோம். மேடைக்கு வாங்க, தங்கம் உங்களுக்கு."

போஸ்ட்மாஸ்டர் தலையிலிருந்த துண்டை விலக்கினார். "டாக்டர்தானேம்மா முதல்ல தொட்டாரு?"

"வேகம் ஒத்துப்போறவங்களை ஒண்ணா நீந்த விடுவோம் சார், ஆனா பதக்கம் வயசு வாரியா. உங்க பிரிவுல நீங்க ஒருத்தர்தான். டாக்டர் எண்பது தாண்டினவங்க பிரிவு."