வாசலுக்கு வண்டி வருமா?

வீடு விற்கக் கிளம்புகிறவன் வீட்டைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் உண்மை பேசலாம். தெருவைப் பற்றி மட்டும் பேசக் கூடாது. இந்த ஞானம் எனக்குச் சிம்மக்கல்லில் கிடைத்தது. (ஞானம் கிடைத்ததோடு சரி. வீடு விற்கவில்லை.)

எங்கள் வீடு ஒரு சந்துக்குள் இருக்கிறது. அப்பா அதை வாங்கியபோது சொந்தக்காரர்கள் வயிறு எரிந்தார்களாம். சந்தைத் தாண்டினால் பஸ், எட்டிப் பார்த்தால் மார்க்கெட், காலாற நடந்தால் கோயில். இதையெல்லாம் நான் ஒரே மூச்சில் வீட்டு புரோக்கர் முத்துப்பாண்டி அண்ணனிடம் ஒப்பித்தேன். அவர் காதைக் குடைந்துகொண்டே கேட்டார்.

"அதெல்லாம் சரி மாப்ள. வாசலுக்கு வண்டி வருமா?"

"பைக் வரும்ண்ணே."

"பைக்கை யாரு கேட்டா? காரு வருமா, வந்தா நிக்குமா? ரிங் ரோட்டுக்கு அங்கிட்டு வெறும் கருவேலங்காடு. குடிக்கத் தண்ணி கெடையாது. முப்பதடி ரோடு போட்டு வச்சுருக்கான், ஒன் வீட்ட விட ரெண்டு மடங்குக்குப் போகுது. பஸ் ஸ்டாப்பு பக்கத்துல இருக்குன்னு வெளிய சொல்லித் தொலையாத. காரு வாங்க வக்கில்லாத தெருன்னு நெனச்சுக்குவாக."

நான் வீட்டை விற்க நினைத்ததற்குக் காரணம் அம்மா. அவருக்குப் பக்கவாதம் வந்த அன்று ஆம்புலன்ஸ் சந்து முனையோடு நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் பைக்குகள், நடுவில் வெங்காய மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி. ஸ்ட்ரெச்சரைத் திருப்பக்கூட இடமில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் வலது கையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். அதன் பிறகு வாரா வாரம் பிசியோதெரபிக்கு அதே நாற்காலி, அதே ஊர்வலம். தெருவே நின்று பார்க்கும். அம்மா இடது கையால் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார். இன்னொரு முறை வந்தால் நேரம்தான் முக்கியம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. வாசலில் வண்டி வந்து நிற்கிற வீடு ஒன்று வாங்க வேண்டும். அதற்கு இந்த வீடு நல்ல விலைக்குப் போக வேண்டும்.

முத்துப்பாண்டி அண்ணன் ஒரு பார்ட்டியைப் பிடித்தார். அலங்காநல்லூர்ப் பக்கம் அரிசி மில் வைத்திருப்பவர். மனைவிக்குக் கோயில் பக்கத்தில் வீடு வேண்டுமாம். புதுசாகப் பெரிய வெள்ளைக் கார் வாங்கியிருந்தார்.

"காரோட ஒரு தடவ உள்ள வந்துட்டார்னா போதும் மாப்ள. மத்தத நான் பாத்துக்குறேன்."

நான் வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வண்டிகளை ஆற்றங்கரை ரோட்டில் விடும்படி கெஞ்சினேன். அம்மாவின் நாற்காலியைப் பார்த்துப் பழகியவர்கள் என்பதால் எல்லோரும் சரி என்றார்கள்.

ஒரே ஒரு சிக்கல், சீனி அய்யா. எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தவர், பழைய மளிகை வியாபாரி. அவருக்கு மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தது. பேரையூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து, காத்திருந்து சலித்து, திரும்பிப் போய், மறுபடியும் வந்திருந்தார்கள். நான் தினமும் காலையில் போய் விசாரிப்பேன். ராத்திரி எப்படி இருந்தது, மூச்சு சீராக வருகிறதா, கஞ்சி இறங்குகிறதா என்றெல்லாம் கேட்பேன். அவருடைய மருமகள் கண்கலங்கிவிட்டார்.

"பெத்த புள்ள துபாய்ல இருந்து இம்புட்டு விசாரிக்கல தம்பி."

(ஞாயிறு மதியம் வரை தாங்குவாரா என்பதுதான் என் விசாரணை. மருமகள் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார். நானும் மறுக்கவில்லை. சனிக்கிழமை ஒரு இளநீர்கூட வாங்கிக் கொடுத்தேன்.)

ஞாயிற்றுக்கிழமை சந்து துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இம்புட்டு அகலமாடா நம்ம தெரு?" என்று வாயைப் பிளந்தார். முத்துப்பாண்டி அண்ணன், "வரட்டும், வரட்டும்" என்று பின்பக்கமாகவே நடந்து வர, கார் கண்ணாடிக் காதுகளை மடக்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றது. எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது.

மில்காரர் மாடி வரை ஏறிப் பார்த்தார். அவர் மனைவிக்குப் பூஜை அறை பிடித்துப்போயிற்று. வெற்றிலைத் தட்டு வந்தது. மில்காரர் மஞ்சள் பைக்குள் கையை விட்டு அட்வான்ஸை எடுத்தார். அந்த நேரம் பார்த்துத் தெருவில் பெண்கள் கூட்டமாக அழும் சத்தம் கேட்டது.

"என்னங்க சத்தம்?" என்றார் அந்தம்மா.

"டிவிங்க. பக்கத்து வீட்டுல சத்தமா வைப்பாக" என்றார் முத்துப்பாண்டி அண்ணன்.

அம்மாவுக்குக் கைதான் வராது. வாய் நன்றாக வரும். "டிவி இல்லம்மா. சீனியண்ணே போயிட்டாக" என்று சொல்லிவிட்டு அவரும் அழ ஆரம்பித்தார்.

நான் பாடுபட்டுக் காலி செய்து வைத்த சந்தில் எல்லாம் மளமளவென்று வந்து இறங்கின. ஃப்ரீசர் பெட்டியோடு மினி லாரி, சாமியானா, நாற்காலிக் கட்டுகள், பேரையூர் வேன். வெள்ளைக் கார் நடுவில் மாட்டிக்கொண்டது. சீனி அய்யா வீட்டுக் கார் என்று நினைத்து ஆளாளுக்கு மாலைகளை அதன் முன்பக்கத்தில் அடுக்கினார்கள். பறை அடிக்க வந்தவர்கள் தோலைக் காய்ச்ச பம்பர் ஓரமாக நெருப்பு மூட்டினார்கள். மகன் துபாயிலிருந்து வந்த பிறகுதான் எடுப்பார்கள் என்று தெரிந்தது. அதுவரை சுற்று வட்டாரத்தில் அடுப்பு எரியாது என்பதால் மில்காரருக்கு ஒரு காபிகூடக் கொடுக்க முடியவில்லை.

நடந்தே வெளியே போகலாம் என்று கிளம்பினார்கள். வழிவிட நானும் கூடப் போனேன். சாவு வீட்டைத் தாண்டுகிறவர் கும்பிடாமல் போக முடியுமா? மில்காரரும் மனைவியும் முன்பின் தெரியாத சீனி அய்யாவின் காலடியில் நின்று கும்பிட்டார்கள். கூட இருந்த ஒரு பேரையூர்க்காரர், "அய்யாவுக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டார்.

"நான் வீடு பாக்க வந்தேங்க" என்று மில்காரர் என்னைக் காட்டினார்.

சீனி அய்யாவின் மருமகள் அழுகையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம தாண்டுமான்னுதான் தெனமும் கேட்டீகளா தம்பி?"

அந்த நிமிஷம் அந்த ஃப்ரீசர் பெட்டியில் சீனி அய்யாவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் கிடைத்தாலும் படுத்திருப்பேன்.

மறுநாள் சாயங்காலம் மில்காரர் வந்து, சாமந்திப்பூவும் பொரியுமாக இருந்த காரை மீட்டுப் போனார். "உள்ள வருது தம்பி. வெளிய போகலையே" என்று மட்டும் சொன்னார். அந்தக் காரில் இனி ஏற மாட்டேன் என்று அவர் மனைவி அடம்பிடிப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன். வீட்டு விலையோடு கார் விலையும் போயிற்று.

அந்த வாரம் நாற்காலியில் தூக்கும்போது அம்மா முகத்தை மூடவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார். "மெதுவாத் தூக்குங்கடா, காரு வர்ற தெரு." அதோடு நிறுத்தினாரா? "நான் போற அன்னைக்கு எவனையும் வீடு பாக்க வரச்சொல்லிராத" என்றார். அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் அதன் பிறகு ஒரு நாள்கூட நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

போன வருஷம் அம்மா தூக்கத்திலேயே போய்விட்டார். இரண்டாவது தாக்குதல். ஆம்புலன்ஸைக் கூப்பிடக்கூட நேரம் கொடுக்கவில்லை. நான் யாரிடமும் எதுவும் கேட்காமல் அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்தேன். வெளியே எட்டிப் பார்த்தபோது சந்தில் ஒரு பைக் இல்லை, தள்ளுவண்டி இல்லை. சீனி அய்யாவின் மருமகள் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தார். அமரர் ஊர்தி ரிவர்ஸிலேயே வந்து எங்கள் வாசலில் நின்றது. மார்பில் அடித்துக்கொண்டிருந்த என் தங்கை செல்வி சட்டென்று நிறுத்தினாள்.

"அண்ணே, அம்மாவுக்கு வாசலுக்கே வண்டி வந்துருச்சுண்ணே."

நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். துக்கத்துக்கு வந்தவர்கள் எங்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக நினைத்தார்கள். சிரித்து முடித்த பிறகு நான் அழுத அழுகையை முத்துப்பாண்டி அண்ணன்தான் பிடித்து நிறுத்தினார்.

வீடு இன்னும் விற்கவில்லை. யாராவது போன் செய்தால் முதல் கேள்வி அதேதான். செல்வி பக்கத்தில் இருந்தால் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி அவளே பதில் சொல்லிவிடுவாள்.

"வண்டியா? ரெண்டு தடவ வந்துருக்குங்க."