பச்சையாகாத பன்னிரண்டு பை மூணு

"நாலு பெட்டி சாம்பல். நாலு நாளா சாம்பல். இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று முதலாளி சத்யநாராயணன் சுவரிலிருந்த டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்.

அர்த்தம் மாளவிகாவுக்கும் தெரியவில்லை. ஊரப்பாக்கத்தில் இருக்கும் அந்தப் பால் டிப்போவில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் அவள். முதலாளி ஆசைப்பட்டாரே என்று அந்த டிவியை மாட்டி நாலு நாள்தான் ஆகிறது. இரும்புலியூர் லைனில் அறுபத்திரண்டு வீடுகள், டிவியில் அறுபத்திரண்டு பெட்டிகள். பால் போடுகிற ஜெரோம் வாசலில் பாக்கெட்டை வைத்துவிட்டுத் தன் போனில் ஒரு தட்டு தட்டினால் போதும், இங்கே அந்த வீட்டு நம்பர் போட்ட பெட்டி பச்சையாகிவிடும். ஐம்பத்தெட்டு ஆகியிருந்தன. மீதி நாலும் வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்ட மாதிரி உட்கார்ந்திருந்தன.

"ஜெரோம், அந்த நாலு பாக்கெட்டும் டீக்கடைக்குப் போகுதா?"

"இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க. பதினோரு வருசமா இதே லைன்ல போட்டுகினு கீறேன்."

"அப்ப நாலு வீட்லயும் போட்டியா, இல்லையா?"

ஜெரோம் வாயைத் திறந்தான். மாளவிகாவை ஒரு பார்வை பார்த்தான். மூடிக்கொண்டான்.

"சாயங்காலம் வரைக்கும் டைம். நாலும் பச்சை ஆகலைன்னா, நாளையிலேர்ந்து இரும்புலியூர் லைன் வேற ஆளுக்கு" என்றார் சத்யநாராயணன்.

அந்த வீடுகளுக்கே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். மாளவிகாவுக்கும் தோன்றியது. "பால் வந்துச்சான்னு நாமளே கேட்டா, வரலைன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும்" என்று முதலாளி அந்த வழியை அடைத்துவிட்டார்.

அவருக்கு இப்படிச் சில கொள்கைகள் உண்டு. அதில் தலையானது, தன்னிடம் வேலை பார்க்கிறவர்கள் வீட்டில் தன் பாலைத் தவிர வேறு பால் காயக்கூடாது என்பது. கணக்கு பார்த்துக்கொண்டிருந்த ஸ்ரீநிவாசன் வீட்டு வாசல் குப்பைக்கூடையில் வேறு கம்பெனிக் கவர் ஒன்று கிடந்தது. அவ்வளவுதான், மனுஷன் இப்போது கேளம்பாக்கத்தில் வேறு எங்கோ கணக்கு எழுதுகிறார்.

"மாளவிகா, வீட்ல நம்ம பால்தானே?" என்று தினமும் கேட்பதை அன்றும் கேட்டுவைத்தார்.

"பின்ன, சார்? அதுவும் இந்த ஒரு வாரமா காபி என்னமா இருக்கு தெரியுமா? அவ்ளோ திக்கு. எங்க வீட்டுக்காரர் போட்டுக் குடுத்தா ரெண்டாவது டம்ளர் கேக்கத் தோணுது."

முதலாளிக்கு முகமெல்லாம் பல். ஜெரோமுக்கு ஏனோ புரையேறியது.

தன் வீட்டுப் பெட்டியை மாளவிகா ஏற்கெனவே பார்த்துவிட்டாள். அவளும் கணவன் ராகவேந்திராவும் இரும்புலியூருக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. கதவு எண் 27. டிவியில் 27 பளிச்சென்று பச்சையாக இருந்ததில் அவளுக்கு ஓர் அற்ப சந்தோஷம். பிறகுதான் சாம்பல் பெட்டிகளை வரிசையாகப் படித்தாள். 4/5, 7/2, 12/3, 19/1.

நாலிலும் நடுவில் ஒரு சாய்கோடு. அவளுக்குச் சுருக்கென்றது.

தாம்பரம் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு நம்பர் போதாது. பழைய நம்பர் ஒன்று, புது நம்பர் ஒன்று, மனையை அண்ணன் தம்பி பிரித்துக்கொண்டால் நடுவில் சாய்கோடு போட்டு ஒரு 'பை' வேறு. டிவியில் எந்தப் பெட்டிக்கு என்ன நிறம் என்று பிரவுசருக்குச் சொல்வது ஸ்டைல்ஷீட் என்கிற ஒரு பட்டியல். அந்தப் பட்டியலின் பாஷையில் சாய்கோட்டுக்கு வேறு வேலை இருக்கிறது. நம்பருக்கு நடுவில் அது வந்து நின்றால் பிரவுசர் குழம்பிப்போய் அந்த வரியையே தாண்டிப் போய்விடும். ஆக, ஜெரோம் பால் போட்டிருக்கிறான். பச்சை அடிக்கத் தெரியாதது மாளவிகாவின் புரோகிராம்.

பாவி, நம்மால் ஒருத்தன் பிழைப்பில் மண் விழ இருந்ததே என்று அவளுக்கு உடம்பு கூசியது. வெளியே மொபெட்டுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஜெரோமிடம் போய், "தப்பு உங்க மேல இல்ல ஜெரோம், என் மேல. மதியத்துக்குள்ள சரி பண்ணிடறேன்" என்றாள்.

ஜெரோம் சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை. "அத வுட்ருங்க மேடம். எதுக்கு வீண் பேஜாரு" என்றான்.

நல்ல மனுஷன், நமக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று பார்க்கிறான் என எண்ணிக்கொண்டு அவள் உள்ளே வந்தாள்.

வைத்தியம் அவளுக்குத் தெரிந்ததுதான். சாய்கோட்டுக்கு முன்னால் அதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடு ஒன்றைப் போட்டால், 'இது வெறும் எழுத்து, கண்டுகொள்ளாதே' என்று பிரவுசருக்குச் சொன்னதாக அர்த்தம். ஒரு கோட்டைப் போட்டாள். கையோடு கையாக, அறுபத்திரண்டு வீட்டுக்கும் தனித்தனி வரி எதற்கு என்று எல்லா நம்பரையும் ஒரே வரியில் கோத்துவிட்டாள். அவள் போட்ட கோட்டைப் புரோகிராமே வழியில் விழுங்கிவிடும் என்பதும், ஒரே வரியில் ஒரு நம்பர் கெட்டால் மொத்த வரியும் கெடும் என்பதும் அப்போது ஞாபகம் வரவில்லை.

டிவி முழுக்கச் சாம்பல் ஆயிற்று.

"அறுபத்திரண்டு வீட்டுக்கும் போடலையா?" சத்யநாராயணன் எழுந்தே விட்டார். "அடேய் ஜெரோம்!"

"சார், சார், அது நான்தான்" என்று மாளவிகா அவசரமாக வரிகளைப் பிரித்துப் பழையபடி ஆக்கினாள்.

ஒரு கோட்டை விழுங்கினால் என்ன, இரண்டு போடுவோம். ஒவ்வொரு இடமாகத் தேடிப் போடப் பொறுமை இல்லாமல், சாய்கோடு இருக்கிற இடத்தில் எல்லாம் ஒட்டுமொத்தமாகப் போட்டாள். அது பெட்டியின் பெயரிலும் ஏறியது. பட்டியலில் ஒரு பெயர், பெட்டிக்கு வேறு பெயர் என்றாகி, நாலும் சாம்பலாகவே நின்றன. வாடிக்கையாளருக்குப் போகிற மெசேஜிலும் அது ஏறியதுதான் கொடுமை. பத்தாவது நிமிஷம் 7/2 வீட்டுக்காரர் போனில் வந்தார். தன் வீட்டு நம்பரில் ஏதோ முள்வேலி மாதிரி வந்திருக்கிறது, வைரஸா, போனை அணைத்துவிடட்டுமா என்று கேட்டார். "பால் வந்துச்சா சார்?" என்று கேட்க அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. முதலாளி பக்கத்திலேயே நின்றார்.

எரிச்சலில் மூன்றாவது காரியத்தைச் செய்தாள். சாய்கோடுதானே தொல்லை? அதையே எல்லா நம்பரிலிருந்தும் எடுத்துவிட்டாள். 4/5 வெறும் 45 ஆயிற்று.

அந்த லைனில் ஏற்கெனவே ஒரு 45 உண்டு. அங்கே இருப்பவர் செல்வமேரி டீச்சர்.

"எனக்கு ரெண்டு பாக்கெட் போட்டதா மெசேஜ் வருது" என்று டீச்சரின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. "வந்தது ஒண்ணு. இன்னொண்ணு எங்க போச்சு, யாரு எடுத்தா, எனக்குத் தெரிஞ்சாகணும்."

சத்யநாராயணன் போனை வைத்துவிட்டு நாற்காலியில் மெதுவாகச் சாய்ந்தார். "காலைல நாலு வீட்டுக்குப் போடலைன்னு நெனச்சேன். இப்ப கூடுதலா வேற ஒண்ணக் காணோம். ஜெரோம், நீ பால்தான் போடறியா?"

ஜெரோம் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு ரெண்டு பெண் குழந்தைகள், மூத்தது பத்தாவது. இந்த ஒரு லைன்தான் வருமானம். அத்தனையும் மாளவிகாவுக்குத் தெரியும். எல்லாவற்றையும் பழையபடி திருப்பிவிட்டு, இனிமேல் கை வைத்தியம் வேண்டாம் என்று முடிவுசெய்தாள்.

இந்தத் தலைவலி தனக்கு மட்டும் வந்திருக்காது என்று தேடியபோதுதான் அது கிடைத்தது. ஒரு குட்டி லைப்ரரி, நம் புரோகிராமில் அப்படியே சேர்த்துக்கொள்ளக்கூடிய ரெடிமேட் புரோகிராம். யாரோ ஒரு புண்ணியவான் இதற்கென்றே எழுதிச் சும்மா போட்டு வைத்திருந்தான். எந்தக் கிறுக்கு எழுத்தை வேண்டுமானாலும் கொடு, ஸ்டைல்ஷீட் ஏற்கும்படி மாற்றித் தருகிறேன், அதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது என்றது அது. மாளவிகா அதன் உள்ளே புகுந்து பார்த்தாள். முதல் எழுத்து எண்ணாக இருந்தால் என்ன, நடுவில் இடைவெளி இருந்தால் என்ன, கேள்விக்குறி, அடைப்புக்குறி, எல்லாவற்றையும் ஒருத்தன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான். ஆசை அடங்காமல் 'இரும்புலியூர் #3 (மாடி)' என்று கூடக் கொடுத்துப் பார்த்தாள். கச்சிதமாகத் திருப்பித் தந்தது. மதியச் சாப்பாட்டு டப்பா திறக்காமலே கிடந்தது.

நாலு மணிக்கு அதைப் புரோகிராமில் ஒரே ஒரு வரியாகச் சேர்த்தாள். டிவி ஒருமுறை கண் சிமிட்டியது. 4/5 பச்சை. 7/2 பச்சை. 19/1 பச்சை.

12/3 சாம்பல்.

மாளவிகா திரும்ப ஓட்டினாள். சாம்பல். அந்தப் பெட்டிக்கு மட்டும் பொய்யாக ஒரு தட்டு தட்டிப் பார்த்தாள், உடனே பச்சையாயிற்று. பொய்யை எடுத்தாள், சாம்பலாயிற்று. லைப்ரரியில் ஒரு குறையும் இல்லை.

"இப்ப உன் டிவி உண்மையச் சொல்லுதா?" என்று பின்னாலிருந்து முதலாளி கேட்டார்.

இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "சொல்லுது சார்" என்றாள்.

"அப்ப ஒரு வீட்டுக்குப் போடல. நாலோ ஒண்ணோ, போடலைன்னா போடல. ஜெரோம், நாளைக்குக் காலைல வண்டிச் சாவியக் குடுத்துடு."

காப்பாற்றப் போனவள் தன் கையாலேயே அவன் கழுத்தில் சுருக்கைப் போட்டுவிட்டாள். ஜெரோமோ எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவளுக்கு விளங்கவேயில்லை. பதினோரு வருஷம் ஒழுங்காகப் போட்டவன், ஒரே ஒரு வீட்டை மட்டும் ஏன் தாண்டிப் போக வேண்டும்? நாய் இருக்கிறதா? ஏதாவது சண்டையா? அப்படி யார்தான் இருக்கிறார்கள் அங்கே?

ஐந்து மணிக்கு டிப்போ வாசலில் அவனை மறித்தாள். "அந்த 12/3 வீட்ட எனக்குக் காட்டுங்க ஜெரோம்."

"வேணாம் மேடம்."

"நான் பாத்தே ஆகணும். நானே அவங்ககிட்ட பேசறேன். என்ன இருந்தாலும் முதலாளிகிட்ட உங்களுக்காகச் சொல்றேன்."

அவன் மொபெட்டின் ஸ்டாண்டை எடுத்தான். "ஸ்கூட்டிய எடுத்துகினு என் பின்னாடியே வாங்க" என்றான்.

ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் அவன் மொபெட் முன்னால் போயிற்று. இரும்புலியூரில் இடப்பக்கம் திரும்பி, பெட்டிக்கடையைத் தாண்டி, இன்னொரு திருப்பத்தில் திரும்பியது. மாளவிகா ஹாரன் அடித்து அவனை நிறுத்தினாள்.

"என் வீட்டுக்குப் போகச் சொல்லல ஜெரோம். 12/3க்குப் போகணும்."

"அங்கதான் மேடம் போய்கினு கீறோம்."

மொபெட் அவள் வீட்டு வாசலிலேயே நின்றது. கேட்டில் 27 என்று நீலப் பலகை. ஜெரோம் இறங்கிப் போய், காம்பவுண்டுச் சுவரில் படர்ந்திருந்த காகிதப்பூக் கொடியைக் கையால் ஒதுக்கினான். உள்ளே மங்கிப்போன காவி பெயின்டில் 12/3 என்று இருந்தது.

"பழைய நம்பரு மேடம். என் நோட்ல எல்லாம் பழைய நம்பருதான், அத வெச்சுதான் டிவில ஏத்துனீங்க. டிவில நீங்க பாக்குற இருபத்தேழு பின்னாடி தெருவு."

கேட்டில் ஒரு மஞ்சப்பை தொங்கியது. நாளைக் காலைப் பாலுக்காக அதில் மாதக் கார்டு ஒன்று எட்டிப் பார்த்தது. கார்டில் இருந்தது வேறு கம்பெனியின் பெயர்.

பேச்சுக் குரல் கேட்டு ராகவேந்திரா காபி டம்ளரோடு வெளியே வந்தான். ஜெரோமைக் கண்டதும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"எத்தனை நாளா?" என்று மாளவிகா கேட்டாள்.

"எட்டு நாளா" என்று அவன் டம்ளரைப் பார்த்துச் சொன்னான். "உங்க கம்பெனிப் பால் தண்ணியா இருந்துச்சு மாளு. சொன்னா சண்டைக்கு வருவே. ஜெரோம்கிட்ட மட்டும் நிறுத்தச் சொல்லிட்டேன். நீயே காபி பிரமாதம்னு சொன்னியே."

மாளவிகா ஜெரோமின் பக்கம் திரும்பினாள். "காலையிலேயே சொல்லியிருக்கலாமே ஜெரோம்? உங்க வேலையே போகப் பார்த்துதே?"

ஜெரோம் காகிதப்பூக் கொடியைத் திரும்பவும் அந்த நம்பரின் மேல் இழுத்து விட்டான்.

"சொல்லியிருந்தா உங்க வேல போயிருக்குமே மேடம்."