கழுத்தில் ஒரு கடைவாய்ப்பல்

மைசூரில் பாதிப் பேருடைய வாயைத் தெரிந்துவைத்துக்கொண்டு, ஒருத்தர் முகத்தைக்கூடத் தெரிந்துவைத்துக்கொள்ளாத மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் கடவாய் அண்ணா. ரேஷன் கார்டில் வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். சந்தேப்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில், பல் டாக்டர்களுக்குக் கேப்பும் பல்செட்டும் செய்துகொடுக்கும் பட்டறையில் அவருடன் ஒன்றேகால் வருடம் வேலை பார்த்தேன். அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

கிளினிக்கிலிருந்து நோயாளியின் வாய் அளவு வரும். அதில் பிளாஸ்டரை ஊற்றினால் பல்லும் ஈறுமாக வெள்ளை வெளேரென்று ஒரு வாய் வந்து உட்காரும். அதற்கு மாடல் என்று பெயர். அதன் மேல் மெழுகில் பல் செதுக்கி உலோகத்தில் வார்ப்பது அண்ணாவின் வேலை. ஆர்டர் எழுதுவதும், 'நாளைக்குக் கண்டிப்பா வந்துடும் டாக்டர்' என்று போனில் பொய் சொல்வதும் என் வேலை. டிகிரி முடித்த இரண்டு வருடத்தில் எனக்கு அது நான்காவது வேலை.

ஒருநாள் மார்க்கெட்டில் ஒரு பெரியவர் ஓடிவந்து அண்ணாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணா பேந்தப் பேந்த விழித்தார். பெரியவர் சிரித்தார். அண்ணாவுக்கு உடனே வெளிச்சம் வந்தது.

"ஓ, மேல் வரிசை, வலது பக்கம் ஆறாவது. கேப்பு கெட்டியா இருக்குதுங்களா?"

ஒன்பது வருடமாக அண்ணா குடியிருப்பது அந்தப் பெரியவர் வீட்டு மாடியில்.

அண்ணா சிரித்து நான் பார்த்ததில்லை. கொள்ளேகாலிலிருந்து பஸ் ஏறி வந்தபோதே அந்த இழவு வீட்டு முகத்தோடுதான் இறங்கினார் என்பார்கள். ஊருக்கெல்லாம் பல் செய்தவர் வாயில் மூன்று பல் கிடையாது. "உங்களுக்கு ஒரு செட் செஞ்சுக்கலாமேண்ணா" என்று கேட்டேன்.

"நாஞ் சிரிக்கிற சிரிப்புக்கு இது போதும் அம்மிணி."

இந்த மனிதர்தான் மதியச் சாப்பாட்டு நேரத்தில், மிஞ்சிய மெழுகை வைத்துக்கொண்டு நகை செய்தார். மோதிரத்தில் கல் இருக்க வேண்டிய இடத்தில் கடைவாய்ப்பல்லின் மேல்பரப்பு இருக்கும். வெள்ளியில். எட்ட வைத்துப் பார்த்தால் மலையும் ஓடையுமாக ஒரு சின்ன ஊர் தெரியும். கிட்டே கொண்டுவந்தால் கடித்துவிடுமோ என்றிருக்கும்.

"மாங்கா, மயிலு, அன்னம். ஆயிரம் வருசமா இதையே அடிச்சுக்கிட்டிருக்காங்க. கடவாப்பல்லு மேல பாரு. நாலு குன்னு, நடுவுல பள்ளம், பள்ளத்துல வாய்க்கா. எவனாச்சும் எட்டிப் பாத்திருக்கானா?"

ஓனர் ஒருதரம் மோதிரத்தை விளக்கடியில் பிடித்துப் பார்த்து, "ஏனய்யா இது, ஹல்லா உங்குரவா?" என்றார். பல்லா மோதிரமா என்று கேட்கிறார்.

"எரடூ சார்" என்றார் அண்ணா. இரண்டும்தான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்படி ஒரு கலைஞர் மெழுகுப் புகையில் கிடந்து வாடுவதா என்று அன்றைக்கே இன்ஸ்டாகிராமில் பக்கம் திறந்து பன்னிரண்டு போட்டோ போட்டேன். முதல் கமெண்ட் வந்தது: 'பல் க்ளீனிங்குக்கு எவ்வளவு?'

இரண்டாவதாக வந்தவன் கல்யாணம் நிச்சயமான ஒரு பையன். பெண்ணின் கடைவாய்ப்பல்லை வைத்து நிச்சயதார்த்த மோதிரம் வேண்டும் என்றான். எப்படியோ அளவும் வாங்கிவந்தான். அண்ணா அப்படியே வார்த்துக் கொடுத்தார். அப்படியே என்றால், பல்லின் ஓரத்திலிருந்த சொத்தையோடு. சபையில் மோதிரம் கைமாறியபோது பையனின் அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "பொண்ணுக்குச் சொத்தைப்பல்லா? சொல்லவே இல்லையே" என்று ஆரம்பிக்க, கல்யாணம் நிற்கப் பார்த்தது.

"ஒரு பொட்டு வெள்ளி வெச்சு அந்தக் குழிய அடைச்சிருக்கலாமேண்ணா."

"அடைச்சா அது வேற பொண்ணு அம்மிணி."

தேய்ந்த பல் கிடைத்துவிட்டால் அவருக்குச் சோறு வேண்டாம். இது பாக்கு, இது நூலைக் கடிச்ச பள்ளம், டெய்லரு, என்று வரிவரியாகப் படிப்பார். முக்கால்வாசி சரியாக இருக்கும். கால்வாசியை யாரும் போய் விசாரித்ததில்லை.

ஆயுத பூஜை வந்தது. தசரா சமயத்தில் மைசூரில் ஸ்க்ரூடிரைவர்கூட எண்ணெய் தேய்த்துக் குளிக்கும். எங்கள் பட்டறையிலும் மோட்டார், உலை, கத்தி எல்லாம் துடைத்துப் பொட்டு வைத்தோம். அண்ணாவுக்கு மனசு ஆறவில்லை. அலமாரியிலிருந்த மாடல்களை எல்லாம் இறக்கி, தண்ணீர் விட்டுப் பிரஷ் போட்டுக் கழுவி, அம்மன் படத்துக்கு முன்னால் வரிசையாக அடுக்கினார். நாற்பது ஐம்பது வாய்கள் ஈரத்தோடு இளித்துக்கொண்டு சாம்பிராணி வாங்கின. அடியில் பென்சிலால் எழுதியிருந்த பெயர்கள் தண்ணீரோடு போயிருந்தன.

நான் ஆர்டர் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அண்ணா அதை வாங்கவே இல்லை.

"ஒரு வாயை ஒருக்கா பாத்தாப் போதும், சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்" என்று சொல்லி, ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து, அரை மணி நேரத்தில் எல்லாப் பெயரையும் திரும்ப எழுதிவிட்டார். நான் அதையும் வீடியோ எடுத்துப் போட்டேன்.

நவம்பரில் கலா வந்தார். மேட்டகள்ளிப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் பேக்கிங் வேலை. முப்பது வயதிருக்கும். அவருடைய அம்மா லட்சுமியம்மாவுக்குத் தசராவுக்கு முன்பே பல்செட் செய்துவைத்திருந்தோம். வாங்கிப்போக யாரும் வரவில்லை.

"ரெடின்னு கிளினிக்ல சொன்னாங்க. இனிமே பேடா, வேண்டாங்க. அம்மா போயி பத்து நாளாச்சு" என்றார்.

"ஞாபகத்துக்காவது வெச்சுக்குங்க மேடம்" என்றேன்.

"அம்மா அதை வாய்லயே வெக்கலியே. அது எப்பிடி அம்மாவோடது ஆகும்?"

அப்போது வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மூடவில்லை. அம்மாவின் சொந்தப் பல் அச்சு எங்களிடம் இருக்கிறது, போட்டோ போலத் தட்டையாக இல்லாமல் தொட்டுப் பார்க்கலாம், அண்ணா வெள்ளியில் லாக்கெட் செய்து தருவார் என்று ஒரே மூச்சில் கொட்டினேன். கலா நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணா அலமாரியிலிருந்து லட்சுமியம்மா என்று எழுதியிருந்த மாடலை எடுத்துவந்து, இருந்த ஒற்றைக் கடைவாய்ப்பல்லைப் படிக்க ஆரம்பித்தார்.

"வெத்தல பாக்கு. இடது பக்கமாவே மென்னிருக்காங்க."

"ஆமா" என்றார் கலா.

"கோவத்த வெளிய காட்டாத மனுசி. இந்த ஓரம் சாஞ்சு போயிருக்குது பாருங்க, பல்லக் கடிச்சுக் கடிச்சு வந்தது. தூக்கத்துலயும் கடிச்சிருப்பாங்க."

கலாவின் முகம் மாறியது. "யார் மேல கோவம்?"

"பல்லு அதெல்லாம் சொல்லாதுங்க."

பத்து நாளில் லாக்கெட் தயாரானது. கலா அங்கேயே கழுத்தில் போட்டுக்கொண்டு, கட்டைவிரலால் அந்தச் சாய்ந்த ஓரத்தைத் தடவிக்கொண்டே படியிறங்கிப் போனார்.

மே மாதம் மேஜை இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது அந்தப் பல்செட் கிடைத்தது. விளையாட்டாக அதை லட்சுமியம்மாவின் மாடலில் வைத்துப் பார்த்தேன். ஆடியது.

"என்னண்ணா, நீங்க செஞ்ச செட்டே இப்பிடி ஆடுது?"

அண்ணா வந்து வாங்கினார். அழுத்தினார். ஆடியது. ஒரு வாய்க்குச் செய்த செட் அந்த வாயைத் தவிர வேறெதிலும் உட்காராது. அவர் செய்தது அவருடைய பதினெட்டு வருடச் சர்வீசில் ஆடியதே கிடையாது. அலமாரியிலிருந்து மாடல்களை ஒவ்வொன்றாக எடுத்துச் செட்டை அதில் வைத்துப் பார்த்தார். பதினோராவதில் 'டக்' என்று உட்கார்ந்தது. திருப்பி அடியில் பார்த்தோம். ஆயுத பூஜையன்று அண்ணா எழுதிய கையெழுத்தில் ஓர் ஆட்டோ டிரைவரின் பெயர்.

அவரும் ஒற்றைக் கடைவாய்க்காரர். அவரும் பாக்கு. கலா ஆறு மாதமாக அம்மா என்று தடவிக்கொண்டிருப்பது, ரிங் ரோட்டில் சவுக்கியமாக ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும் ஒருவருடைய பல்லை.

"சொல்ல வேண்டாம்ணா" என்றேன். "அவங்க நிம்மதியா இருக்காங்க. எதுக்குக் கெடுக்கணும்?"

அண்ணா சரியான மாடலை எடுத்து மெழுகு வைக்க உட்கார்ந்தார். முதல் வார்ப்பு பிசகியது. இரண்டாவதும். மூன்றாவதைத் துணியில் சுற்றி, மாடலையும் பல்செட்டையும் பையில் போட்டுக்கொண்டு, "நீயும் வா அம்மிணி. வழியில திரும்பிருவேனோன்னு இருக்குது" என்றார்.

கலாவின் வீடு ஒற்றை அறை. அம்மாவின் படத்துக்கு முன்னால் தட்டில் வெற்றிலை பாக்கு. அண்ணா நின்றபடியே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை.

"உங்க கழுத்துல இருக்கிறது உங்கம்மா பல்லு இல்லீங்க. நாந்தான் பேரை மாத்தி எழுதிப்புட்டேன்."

கலா லாக்கெட்டைப் பிடித்துக்கொண்டார். "பின்ன யாரோடது?"

"ஒரு ஆட்டோ டிரைவரோடதுங்க." கொஞ்சம் யோசித்து, "நல்ல மனுசந்தான்" என்று சேர்த்தார்.

கலா லாக்கெட்டின் சாய்ந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு, "பல்லக் கடிப்பாங்கன்னு சொன்னீங்களே" என்றார்.

"அது அவரு கடிச்சதுங்க."

"எங்கம்மா கோவப்பட்டு நான் பாத்ததே இல்ல. டாக்டர் சொன்னாருன்னு ரெண்டு வருசமா நாந்தான் அவங்க வெத்தலப் பொட்டியை ஒளிச்சு வெச்சேன். ஒண்ணும் சொல்லல. அந்தக் கோவத்தைத்தான் மனசுலயே வெச்சுக் கடிச்சிருக்காங்கன்னு, நீங்க சொன்னப்புறம் நெனச்சேன். ஆறு மாசமா தினமும் வெத்தல வெச்சு மன்னிப்புக் கேக்கறேன்."

அண்ணாவின் முகத்தை அப்போது பார்த்திருக்கக் கூடாது. பையிலிருந்து மாடலை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய், திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல அது இல்லீங்க. பாக்குத் தேய்மானந்தான். கடிச்ச அடையாளமே இல்ல."

"இதாவது எங்கம்மாதானா? இல்ல, இதுவும் பஸ் டிரைவரா?"

அவர் பல்செட்டை எடுத்து அந்த மாடலில் பொருத்தினார். 'டக்' என்றது. அப்படியே கலாவின் கையில் கொடுத்தார். "ஆட்டிப் பாருங்க."

கலா ஆட்டினார். தலைகீழாகக் கவிழ்த்தார். அசையவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

"சும்மாதான் மென்னுக்கிட்டிருந்தாங்களா" என்றார் கடைசியில்.

"சும்மாதாங்க."

பழைய லாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தார். புதியதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார், போட்டுக்கொள்ளவில்லை. வாசல்வரை வந்து, "அண்ணா, இனிமே யாருக்கும் பல்லப் பாத்து மனசைச் சொல்லாதீங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"சரிங்க" என்றார் அண்ணா. அதற்குப் பிறகு, நான் ஐந்தாவது வேலைக்குப் போகும்வரை, அவர் ஒரு பல்லையும் படித்துச் சொல்லவில்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. காலியாக வந்த ஓர் ஆட்டோவை நான் கை காட்டினேன். அண்ணா என் கையைப் பிடித்து இறக்கினார்.

"இன்னைக்கு ஆட்டோ வேண்டாம் அம்மிணி."

பஸ் ஸ்டாப் ஒரு கிலோமீட்டர். என்னிடம் ஒரு சின்னக் குடை. வழி நெடுக அதை அவர் பக்கமே சாய்த்துப் பிடித்து நடந்தேன். அவர் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.