மேட்டூரில் அலை

செல்போன் அடித்தபோது ஜெகதீஸ்வரனின் பஸ் ஜன்னலுக்கு வெளியே கடல் கூடவே வந்துகொண்டிருந்தது. கூப்பிட்டது மனைவி சௌந்தர்யா.

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் மனுஷன் அவர். தண்ணீர் மோட்டாருக்கு ஒரு சாமான் வாங்க விடியலில் சேலம் வந்தார். பஸ் ஸ்டாண்டில் பாண்டிச்சேரி பஸ் நின்றது, ஜன்னல் சீட் காலியாக இருந்தது. கடலை டிவியில் மட்டுமே பார்த்தவருக்கு என்ன தோன்றியதோ, ஏறிவிட்டார். பாண்டியில் இறங்கியும் புத்தி வரவில்லை. கடலோரமாகச் சென்னை போகும் பஸ்ஸில் மறுபடி ஏறினார்.

பயம் ஒன்றே ஒன்றுதான். சௌந்தர்யா நிஜமாகவே பெரிய மனுஷி. வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து கோழிகளை விட்டு நகராதவள். மாதம் ஒருமுறை அயோத்தியாப்பட்டணத்துத் தங்கை வீட்டில் ஒரு ராத்திரி தங்கி வருவதோடு சரி. புருஷன் வேலையைப் போட்டுவிட்டு ஊர் சுற்றுவது தெரிந்தால் திட்டமாட்டாள். மதிக்கமாட்டாள். அதைத்தான் அவரால் தாங்க முடியாது.

"எங்கீங்க இருக்கறீங்க?"

"மேட்டூர்ல. சாமான் சேலத்துல கெடைக்கல."

"ஓன்னு சத்தம் கேக்குதே, என்னுங்க அது?"

"அணையத் தொறந்துட்டாங்க புள்ள."

டிவியில் ஒன்றும் சொல்லவில்லையே என்றாள். இப்போதுதான் திறந்தார்கள், டிவிக்கு இன்னும் தெரியாது என்றார். பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"அப்ப அணை மீன் ரெண்டு கிலோ வாங்கியாங்க. அவசரமில்லீங்க, நின்னு தண்ணியப் பாத்துட்டே வாங்க."

ஜெகதீஸ்வரனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒரு பெண் உண்டா என்று நினைத்துக்கொண்டார்.

மரக்காணம் தாண்டி டீக்காக பஸ் நின்றது. ரோட்டோரம் மீன் விற்ற அம்மாவிடம் அணைக் கெண்டை இருக்கிறதா என்று கேட்டார். அந்த அம்மா திரும்பிப் பின்னாலிருந்த கடலை ஒருமுறை பார்த்துவிட்டு, ஐஸ் பெட்டியை மூடிவிட்டாள்.

நாமக்கல்காரன் எங்கே போனாலும் அங்கே ஒரு நாமக்கல் லாரி நிற்கும். டீக்கடை வாசலில் நின்றது. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவன் தமிழரசு, அவர் பண்ணை முட்டையை ஏற்றிப்போகும் டிரைவர். ஜெகதீஸ்வரன் சட்டென்று ஐஸ் பெட்டிக்குப் பின்னால் குனிந்தார்.

"மீனும் வாங்கல, இங்க இன்னாத்துக்குக் குந்தினு இருக்கற?" என்று மீன்கார அம்மா போட்ட சத்தத்தில் டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

"அண்ணா?" என்றான் தமிழரசு.

இனி ஒளிந்து பயனில்லை. அவனைத் தனியே இழுத்துப்போய் நடந்ததையெல்லாம் சொன்னார். வீட்டில் மட்டும் தெரியக் கூடாது, தெரிந்தால் அவள் முகத்தில் விழிக்க முடியாது என்று கெஞ்சினார்.

"உன்னய நம்பலாமா சாமி?"

தமிழரசுக்கு உண்மையிலேயே வருத்தமாகிவிட்டது.

"என்னங்ணா இப்படிக் கேட்டுட்டீங்க? போன மாசம் இதே கடையில நம்ம சௌந்தர்யா அக்காளப் பாத்தேன், அவங்களும் இதையேதான் கேட்டாங்க. உங்ககிட்டச் சொன்னனுங்களா?"