பரீட்சைக்கு வந்த மேடத்துக்கு நான் மருந்து கொடுத்த கதை

எனக்கு எழுதிப் பழக்கமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சாமான் சீட்டும், ஏர்போர்ட்டில் போட்ட கையெழுத்தும்தான். இப்போது மறதி வேறு வந்துவிட்டது. நேற்று எதற்கு ஃப்ரிட்ஜைத் திறந்தேன் என்பது ஞாபகமில்லை; இந்தக் கதை மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது. (மறந்து தொலைத்தால் எவ்வளவு நிம்மதி!) எங்கள் சங்கத்துப் பொங்கல் மலரில் போடலாம், எழுதுங்கள் என்று, நான் பார்த்துக்கொள்ளும் பாலாவின் அம்மாதான் விடாமல் கேட்டார். "அந்த மேடம் கதைய எழுதுங்கக்கா, எல்லாரும் சிரிக்கட்டும்" என்றார். சரி, சிரியுங்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பஹ்ரைனுக்கு நான் வீட்டு வேலைக்குத்தான் வந்தேன். வயதான பிறகு, ஈசா டவுனில் ஒரு வில்லாவில் நடக்கும் பகல் நேரக் காப்பகத்தில் ஆயாவாகச் சேர்ந்தேன். வளர்ச்சிக் குறைபாடு உள்ள பெரியவர்களைக் காலையில் வீட்டார் கொண்டுவந்து விட்டுவிட்டு டியூட்டிக்குப் போவார்கள். சாயங்காலம் வந்து கூட்டிப் போவார்கள். இடையில் அவர்களுக்குச் சோறு, குளியல், விளையாட்டு, நடை எல்லாவற்றுக்கும் நாங்கள் இருப்போம்.

பாலா அங்கே வருகிறவன். முப்பது வயது தாண்டியவன், என்னைவிட ஒரு முழம் உயரம், மீசை வேறு. பேச்சு ஒன்றிரண்டு வார்த்தைதான். கையில் எப்போதும் ஒரு பெரிய வாட்ச். வலிப்பு வராமல் இருக்க மத்தியானம் ஒரு மாத்திரை போட வேண்டும். சிஸ்டர் மாத்திரை கொடுப்பார், நான் பக்கத்தில் தண்ணீர் டம்ளரோடு நிற்பேன். நான் நின்றால்தான் போடுவான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. மீசை வைத்த ஆளை நான் கூப்பிட்டது எப்படித் தெரியுமா? "கண்ணு, ஆ காட்டு."

"அக்கா, பாலா குட்டியல்ல கேட்டோ. வலிய ஆளாணு" என்று பிந்து சிஸ்டர் பல தடவை சொல்லியிருக்கிறார். அவன் குழந்தையில்லை, பெரிய ஆள் என்று அர்த்தம். எர்ணாகுளத்துக்காரர். கோபம் வந்தால் தமிழ், ரொம்பக் கோபம் வந்தால் மலையாளம். நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

அப்படியிருக்கும்போது ஒரு புதுச் சட்டம் வந்தது. சிஸ்டருக்கு இனி இரண்டு வில்லா பார்க்க வேண்டும். அதனால் மத்தியான மருந்தை எங்களைப் போன்ற ஆட்களே கொடுக்கப் பழக வேண்டும். சிஸ்டர் வகுப்பு எடுப்பார். வெளியே இருந்து ஒரு மேடம் வந்து பரீட்சை வைப்பார். பாஸானவர்கள் ஹாலில் இருப்பார்கள். ஆகாதவர்கள் பின்பக்கம், துணி துவைக்கும் அறைக்கு.

எனக்குத் திக்கென்றது. அந்த அறையில் வாஷிங் மெஷினோடு பேசிக்கொண்டு கிடக்கவா நான் கடல் தாண்டி வந்தேன்? பாலா பக்கத்தில் வேறு யாரோ டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்பதா? பாஸாகாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

முடிவெல்லாம் சரிதான். ஆனால் எனக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சம். வகுப்பில் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் இருப்பேன். அதிலும் சிஸ்டர், "இப்ப ஒராளு வந்து செஞ்சு காட்டணும்" என்று சொன்னால் போதும், "எல்லாருக்கும் சுலைமானி போட்டுட்டு வரேன் சிஸ்டர்" என்று எழுந்து சமையலறைக்கு ஓடிவிடுவேன். அந்த மாதம் எங்கள் வில்லாவில் தீர்ந்த டீத்தூளுக்குக் கணக்கே இல்லை.

ஆனாலும் பாடத்தை விடவில்லை. ஐந்து விஷயம் சரியாக இருக்க வேண்டும் என்று சிஸ்டர் சொன்னதை விரலில் ஏற்றி வைத்துக்கொண்டேன். பெருவிரல் சரியான ஆள். அடுத்தது சரியான மருந்து. நடுவிரல் அளவு. மோதிர விரல் நேரம். சுண்டுவிரல், வாயா காதா கண்ணா என்கிற வழி. வெங்காயம் நறுக்கும்போதும் சொன்னேன், குளிக்கும்போதும் சொன்னேன். என்னோடு ரூமில் இருந்த ஜோஸ்லின், பிலிப்பைன்ஸ் பெண், நான் ஏதோ ஜபம் சொல்கிறேன் என்று நினைத்து அந்த நேரங்களில் மரியாதையாக டி.வி. சத்தத்தைக் குறைத்துவிடுவாள்.

ஐந்தும் தெரியும். ஆறாவதாக ஒன்று இருந்திருக்கிறது. அதை நடத்தியபோது நான் சமையலறையில் ஏலக்காய் தட்டிக்கொண்டிருந்தேன்.

பரீட்சை நாள் வந்தது. மேடம் அரபுக்காரர். நல்ல உயரம், நல்ல உடம்பு, கதவைத் திறக்கும் முன்பே செண்ட் வாசனை வந்துவிட்டது. மேடமே நோயாளியாக நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். அவருடைய போட்டோ ஒட்டிய அட்டை ஒன்று மேஜையில் இருக்கும். மருந்துப் பெட்டியில் மாத்திரைக்குப் பதிலாக வாயில் போட்டதும் கரைகிற பொடி மிட்டாய். நாங்கள் ஒவ்வொருவராகப் போய் மருந்து கொடுத்துக் காட்ட வேண்டும்.

என் பெயரைக் கூப்பிட்டதும் சமையலறைப் பக்கம் கால் திரும்பியது. சிஸ்டர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, "இன்னைக்கு யாருக்கும் டீ வேண்டா" என்றார்.

கையைக் கழுவினேன். அட்டையில் இருந்த போட்டோவையும் மேடத்தின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். காதில் விழுந்து பழகிய அரபியில் பெயரைக் கேட்டேன், சொன்னார். மருந்துப் பெயரை எழுத்துக் கூட்டி ஒத்துப் பார்த்தேன். அளவு சரி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், நேரம் சரி. வாயில் போடுகிற மருந்து, வழியும் சரி. விரல்கள் எல்லாம் மடங்கிவிட்டன. சிஸ்டர் பின்னால் இருந்து தலையாட்டுவது தெரிந்தது. எனக்குப் பறப்பது போல இருந்தது. மிட்டாயைச் சின்னக் கப்பில் போட்டு நீட்டினேன்.

மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "லா!" என்றார்.

வேண்டாமாம். அரபு வீட்டில் அத்தனை வருஷம் வேலை பார்த்தவளுக்கு 'லா' தெரியாதா? மறுபடி நீட்டினேன். "லா, லா!" வாயை இறுக மூடிக்கொண்டார்.

ஓகோ, இதுதான் பரீட்சையே என்று எனக்குப் பட்டது. சும்மா வாயைத் திறக்கிறவருக்கு யார் வேண்டுமானாலும் கொடுப்பார்கள். மூடுகிற வாயில் போடுகிறேனா என்றுதான் பார்க்கிறார். நானா விடுகிறவள்? மூன்று பிள்ளை வளர்த்திருக்கிறேன். மன்னார்குடியில் எங்கள் தெருவில் எந்தக் குழந்தை மருந்து குடிக்கவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். காலை நீட்டி, குழந்தையை அதன்மேல் படுக்கப் போட்டு, சங்கால் ஊற்றினேன் என்றால் ஒரு சொட்டு வெளியே வராது. நல்லவேளை, மேடம் நாற்காலியில் இருந்தார். தரையில் உட்கார்ந்திருந்தால் காலில் போட்டிருப்பேன்.

அதற்கப்புறம் நான் எதையும் யோசிக்கவில்லை. கை தானாகவே வேலை செய்தது. இடது கையால் மேடத்தின் கழுத்தை வளைத்துத் தலையை என் நெஞ்சோடு சேர்த்தேன். அதே கை விரலால் மூக்கைப் பிடித்தேன். மூச்சுக்கு வாய் திறந்துதானே ஆக வேண்டும்? திறந்தது. மிட்டாய் உள்ளே. தண்ணீர் ஒரு மடக்கு. வாயை மூடித் தொண்டையைத் தடவினேன். "அவ்ளோதான், அவ்ளோதான், என் ராசாத்தி முழுங்கிட்டா" என்று உச்சந்தலையில் ஊதினேன். வாயைத் துடைக்க முந்தானையைத் தேடினேன்; யூனிபாரத்துக்கு ஏது முந்தானை? ஏப்ரனால் துடைத்தேன். உதட்டுச் சாயம் முழுக்க ஏப்ரனுக்கு வந்துவிட்டது. கடைசியில், பழக்க தோஷம், கண் படாமல் இருக்கத் தலையைச் சுற்றி விரலைச் சொடக்கினேன்.

மேடம் இருமினார். மறுபடி இருமினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மிட்டாய் மூச்சுக்குழலில் போயிருந்தால்? சிஸ்டர் ஓடிவந்து முதுகைப் பிடித்தார். "எந்தா அக்கா இது! எந்தா நிங்ஙள் காணிச்சது!" என்ன காரியம் செய்து வைத்தீர்கள் என்கிறார். மலையாளம் வந்துவிட்டது என்றால் நிலைமை மோசம்.

மேடம் தண்ணீர் குடித்தார். தலையில் போட்டிருந்த துணியைச் சரிசெய்துகொண்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, தொண்டை கட்டிய குரலில், "கலாஸ்" என்றார். முடிந்தது. என் பரீட்சை.

வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டுமாம். அதுதான் ஆறாவது. கட்டாயப்படுத்தக் கூடாது. கொஞ்ச நேரம் விட்டுத் திரும்பக் கேட்க வேண்டும். அப்போதும் வேண்டாம் என்றால் எழுதி வைத்து, சிஸ்டருக்கும் வீட்டுக்கும் சொல்ல வேண்டும். சோற்றில் ஒளித்து வைத்தும் கொடுக்கக் கூடாது. மூக்கைப் பிடிப்பது பற்றி வகுப்பில் ஒன்றுமே சொல்லவில்லையாம். யாரும் அப்படிச் செய்வார்கள் என்று சிஸ்டருக்குத் தோன்றவே இல்லையாம்.

இதோடு போயிருந்தால் என் மானம் மட்டும்தான் போயிருக்கும். ஆனால் ஹால் கதவில் கண்ணாடி உண்டு. அதற்குப் பின்னால் பாலா நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான்.

மத்தியானம் மாத்திரை நேரம். சிஸ்டர் மாத்திரையோடு வந்தார், நான் வழக்கம் போல டம்ளரோடு போனேன். என்னைப் பார்த்ததும் பாலா இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒண்டிக்கொண்டான்.

"பாலா, மருந்து" என்றார் சிஸ்டர்.

"வேணாம்."

அவன் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. மாத்திரை தப்பினால் வலிப்பு வரலாம். ஒரு தடவை வந்து விழுந்து நெற்றி கிழிந்ததை நான் பார்த்திருக்கிறேன். என்னால் வந்த வினை. சிஸ்டர் மெதுவாக, "அக்கா, கொறச்சு மாறி நில்லுங்கோ" என்றார். கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டுமாம். சமையலறைக்கு ஓடிவிடலாமா என்று இருந்தது. இந்தத் தடவை ஓடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஓடினால் நாளைக்கும் பயப்படுவான், நாளன்றைக்கும் பயப்படுவான்.

டம்ளரைக் கீழே வைத்தேன். அவனை நான் எட்டித் தொட முடியாத தூரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, என் இரண்டு கைகள்மேலும் நானே உட்கார்ந்துகொண்டேன்.

"தம்பி, பாரு, அக்கா கை பூட்டிக் கெடக்கு. தொட மாட்டேன். மருந்து போட்டுக்கிறியாப்பா?"

"வேணாம்."

"சரி" என்றேன்.

என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு வார்த்தையை நான் சொன்னதில்லை. பிரசவ வலிகூட அடுத்ததுதான். சிஸ்டர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். அவர் மாத்திரையைத் திரும்ப வைத்துவிட்டுக் காத்திருந்தார். நான் கைமேல் உட்கார்ந்தபடியே காத்திருந்தேன். கை மரத்துப்போய்விட்டது. மேடம் கிளம்பாமல் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். (பக்கத்தில் வரவில்லை, பாவம்.)

பாலா மூக்கில் இருந்து ஒரு கையை எடுத்தான். பிறகு இன்னொரு கையை. மெல்ல வந்து தரையில் இருந்த டம்ளரை எடுத்தான். என் வாய்க்கு நேராக நீட்டினான்.

"குடி."

என்ன நினைத்தேனோ தெரியவில்லை, "வேணாம்" என்றேன்.

என் முகத்தையே பார்த்தான். மூக்கைப் பிடிக்கப் போகிறான், எனக்கு வேண்டியதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவன், "சரி" என்றான். டம்ளரைக் கீழே வைத்தான். வாட்ச்சைப் பார்த்தான். ஹாலை ஒரு சுற்றுச் சுற்றினான், அவசரமே படாமல், ஆபீசர் மாதிரி. திரும்பி வந்து டம்ளரை எடுத்தான்.

"இப்போ?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. வாயைத் திறந்தேன். மெல்லச் சாய்த்துக் குடிக்க வைத்தான். ஒரு சொட்டு மேலே சிந்தவில்லை. பிறகு சிஸ்டரிடம் போய்க் கையை நீட்டி, மாத்திரையை வாங்கித் தானே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். விழுங்கிவிட்டதைக் காட்ட 'ஆ' என்று எல்லோருக்கும் திறந்து காட்டினான், மேடத்துக்கும் சேர்த்து.

மேடம் சிஸ்டரிடம் என்னவோ சொன்னார். சிஸ்டர் பாலாவைக் காட்டி எனக்குச் சொன்னார்: "இவர் பாஸாம். அக்கா அடுத்த வாரம் மறுபடி எழுதணுமாம்."

அடுத்த வாரம் எழுதினேன். தூணுக்குப் பின்னால் இருந்து முன் வரிசைக்கு வந்து, அந்த ஆறாவது பாடத்தை எல்லோர் முன்னாலும் திரும்பத் திரும்பச் செய்து காட்டிவிட்டுத்தான் எழுதினேன். பாஸ். ஆனால் இந்தத் தடவை மேடம் நோயாளியாக உட்காரவில்லை. பிந்து சிஸ்டரை உட்கார வைத்துவிட்டு, தான் இரண்டு மேஜை தள்ளி நின்றுகொண்டார்.

இன்றுவரை மத்தியானம் பாலாவுக்கு மருந்து நான்தான் கொடுக்கிறேன். (மறதிக்காரி என்பதால் ஒவ்வொரு தடவையும் அட்டையைப் பார்த்துத்தான்.) இப்போதெல்லாம் என்னைப் பார்த்ததும் வேண்டுமென்றே "வேணாம்" என்பான். நான் "சரி தம்பி" என்று ஹாலை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். முழங்கால் வலியோடு நான் சுற்றுவதைப் பார்த்துச் சிரித்து முடித்த பிறகுதான் போடுவான். லீவில் ஊருக்குப் போனால் அங்கேயும் இதே கூத்து. மாப்பிள்ளை இலையில் இன்னொரு தோசை போடப் போனால், அவர் இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அத்தை, லா!" என்கிறார். மகள் உள்ளே இருந்து, "அம்மா, கொஞ்ச நேரம் கழிச்சுக் கேளு, எழுதி வச்சுட்டு எனக்கும் சொல்லிடு" என்று கத்துகிறாள். நானும் தோசைக் கரண்டியோடு கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறேன்.

மலர் போடுகிற தம்பிக்கு ஒரு வேண்டுகோள். அந்த 'கொஞ்ச நேரம்' எவ்வளவு என்பதும், எந்த மருந்துக்கு எவ்வளவு பிந்தலாம் என்பதும் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு மருந்துக்கும் வேறு என்று சிஸ்டர் சொன்ன ஞாபகம். ஐந்து விரல் வரிசையும் மாறியிருக்கலாம். மருந்து விஷயம், யாராவது என்னைப் பார்த்துச் செய்துவிடப் போகிறார்கள். பிந்து சிஸ்டரிடம் ஒரு தடவை காட்டிச் சரிபார்த்துவிட்டு அப்புறம் அச்சில் போடுங்கள். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.