அம்பாளுக்கு முதல் இலை

நான் தந்திர சாதனையில் இறங்கியதற்குக் காரணம் ஆன்மீகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காரணம் ஒரு பழுப்புக் கவர்.

சத்துணவுத் திட்டம் ஆரம்பித்த வருடம் அது. என் மனைவி செல்லக்கிளி எனக்குத் தெரியாமல் மனுப் போட்டிருக்கிறாள். "தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்று என் கண் முன்னாலேயே கிளம்பி, இன்டர்வியூவுக்கும் போய்விட்டு வந்திருக்கிறாள். கவரைப் பிரித்தால் உத்தரவு: ஆனையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை. அடுத்த திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும்.

எனக்குப் பகீர் என்றது. இவள் ஏழரை மணிக்குப் பஸ் ஏறிவிட்டால் வீட்டில் யார் பொங்குவது? நான் தல்லாகுளத்தில் ஒரு அரசாங்க ஆபீசில் ரெக்கார்டு கிளார்க். முப்பத்தெட்டு வயதாகியும் வெந்நீர்கூட வைத்துப் பழகாதவன். எங்கள் வீட்டு அடுப்பை நான் நேரில் சந்திப்பதே பொங்கலுக்குப் பொங்கல்தான்.

"வேலைக்குப் போகக் கூடாது" என்று ஒரே போடாகப் போட்டுவிடலாம். போட்டேன். மனசுக்குள் போட்டேன். வெளியே வந்தது, "ரொம்பச் சந்தோசம் கிளி. உத்தியோகம் வீடு தேடி வந்துருக்கு!"

மறுநாள் பக்கத்து சீட் ஷேக் தாவூதிடம் அழாத குறையாகச் சொன்னேன்.

"பொண்டாட்டிகிட்ட பேச முடியாட்டி சாமிகிட்ட பேசு மாப்ள. சிம்மக்கல்லுல முத்திருளன்னு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் ஒருத்தர் இருக்காரு. அம்பாள் உபாசகர். தந்திர சாஸ்திரமெல்லாம் கரைச்சுக் குடிச்சவராம்."

"வசியம் செய்வாரா?"

"செய்வாரோ மாட்டாரோ. என் பேரச் சொல்லாத."

சாயங்காலமே போய் நின்றேன். போஸ்ட்மாஸ்டர் சாமி வெள்ளை வேட்டியில், நெற்றி நிறையக் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தார். நான் மென்று விழுங்கிக் கேட்டேன்.

"சாமி, வீட்ல ஒருத்தர் மனசை நம்ம பக்கம் திருப்பணும்."

"அடுத்தவங்க மனசைத் திருப்புற வேலை இங்க கிடையாது. உன் மனசைத் திருப்பத்தான் இம்புட்டுப் பாடும். வேற ஆளைப் பாரு தம்பி."

சடாரென்று காலில் விழுந்தேன். "அதுதான் சாமி எனக்கு வேணும்!"

பச்சைப் பொய். எப்படியாவது இவர் மூலம் அம்பாளிடம் அறிமுகம் பிடித்துவிட்டால் போதும், அதற்கப்புறம் நேரில் பேசிக்கொள்ளலாம், நடுவில் இவர் எதற்கு என்பது என் கணக்கு.

சாமி நம்பிவிட்டார். பொறுமையாகப் பாடம் ஆரம்பித்தார்.

"தந்திரம்னதும் ஏதோ ஏமாத்து வேலைன்னு நெனைக்கிறாங்க. இது நெசவு மாதிரி. உடம்பு, மூச்சு, மந்திரம் மூணையும் ஒண்ணாச் சேத்து நெய்யணும். உலகத்தை விட்டுட்டு ஓட வேண்டாம். உடம்புதான் கோயில். தலை, நெஞ்சு, தோள்னு ஒவ்வொரு இடமாத் தொட்டு அம்பாளை அங்க உக்கார வைக்கணும். அதுக்குப் பேரு நியாசம்."

ஒரு செப்புத் தகட்டைக் காட்டினார். ஸ்ரீசக்கரம். முக்கோணத்துக்குள் முக்கோணம், அதைச் சுற்றித் தாமரை இதழ்.

"வெளிச்சுத்துலருந்து படிப்படியா உள்ள போகணும். நடுவுல புள்ளி இருக்கு பாத்தியா? அங்க சிவனும் சக்தியும் வேற வேற இல்ல."

எங்கள் ஆபீசில் ஒரு ஃபைல் அதிகாரி மேஜைக்குப் போகிற வழி மாதிரியே இருந்தது. தலை சுற்றியது. ஆனாலும் பக்தியாகத் தலையாட்டினேன்.

"நாப்பத்தெட்டு நாள் ஒரு மண்டலம். ஞாயித்துக்கிழமை வந்து உபதேசம் வாங்கிக்க. வீட்டம்மாவையும் கூட்டிட்டு வா. ஜோடியா உக்காந்துதான் வாங்கணும்."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். செல்லக்கிளி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏங்க, ஆபீஸ்ல எதும் சஸ்பெண்டா?"

"சேச்சே! ஆன்மா... ஆன்ம விசாரம்."

"விசாரமா? உங்களுக்கா?" கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு முகமெல்லாம் சிரிப்பு. "நல்ல காரியம். செஞ்சாக் குறையில்லாமச் செய்யணும். நானும் வாரேன்."

எதிர்ப்பாள் என்று பார்த்தால் எனக்கு முன்னால் கிளம்பிவிட்டாள். அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாமி என் காதில் மந்திரத்தைச் சொன்னார். நூற்றெட்டு மணி மாலை கொடுத்தார். விடியக்காலையில் குளித்து, அசையாமல் உட்கார்ந்து ஜபிக்கச் சொன்னார். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது செல்லக்கிளி மெதுவாகக் கேட்டாள்.

"சாமி, சாப்பாட்டுக்கு எதும் நியமம் உண்டுங்களா?"

"நல்ல வேளை கேட்டம்மா. சுயம்பாகம். மண்டலம் முடியுற வரைக்கும் அவரு கையால அவரே பொங்கித்தான் சாப்பிடணும்."

பொங்குவதா? நானா?

"நான் கூடமாட ஒத்தாசை..." என்று இழுத்தாள் செல்லக்கிளி.

"தொடவே கூடாது."

"அய்யோ பாவம்," என்றாள். முகத்தில் பாவத்தைக் காணோம். "அவரு பொங்குனதும் அவரே சாப்பிட்டுறலாமா சாமி?"

"அதெப்படி? முத இலை ஒரு சுமங்கலிக்கு. அவங்களை அம்பாளா நெனச்சுக் கும்பிட்டுப் பரிமாறணும். பொம்பளைகிட்ட சக்தியப் பாக்கத் தெரியாதவனுக்கு இந்த வழி திறக்காது."

"சுமங்கலிக்கு எங்க சாமி போறது?" இது நான்.

"இந்தா, பக்கத்துலயே நிக்கிறாங்களே!"

திங்கட்கிழமை காலை. முதல் ஜபம், முதல் சோறு. அடிப்பகுதி கருகி, நடுப்பகுதி குழைந்து, மேலே அரிசி அரிசியாகவே இருந்தது. செல்லக்கிளி குளித்துத் தலை முடிந்து, நூல் சேலை கட்டி, கிழக்கே பார்த்துப் பலகையில் உட்கார்ந்தாள். நான் கரண்டியோடு கும்பிட்டேன்.

"உப்பு எங்கங்க?"

"அம்பாள் குறை சொல்லக் கூடாது கிளி."

"சொல்லாம எப்படித் திருந்துவீக?"

மூன்றாங்கிளாஸ் படிக்கும் என் மகள் முத்துத்தாய் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "அப்பா, இது ரசமா, கை கழுவுற தண்ணியா?"

அம்பாள் உதவிக்கு வரமாட்டாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்று அருள்வாக்கு மட்டும் கொடுப்பாள். "கடுகு வெடிக்கட்டும்." "புளிய இன்னும் கரைங்க." "அது சீரகம் இல்லீங்க, சோம்பு." பிறகு நான் கட்டிக் கொடுத்த தூக்குவாளியோடு பஸ் ஏறிவிடுவாள். நானோ ஒவ்வொரு ஜபத்தின் முடிவிலும் அம்பாளுக்கு மனுக் கொடுத்தேன். தாயே, அவளாக அந்த வேலையை விட வேண்டும்.

முப்பதாம் நாள் வாக்கில் ஒரு சாயங்காலம் கால் வீங்கிப்போய் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஒரு பிள்ளை பாதிச் சோத்தைத் தின்னுட்டு மீதியப் பாவாடையில முடிஞ்சு வச்சுக்கிருச்சு. வீட்ல தம்பி இருக்கானாம்." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. "நாளைலருந்து அதுக்கு ஒரு கரண்டி கூடப் போடச் சொல்லிட்டேன்."

அன்றைக்கு இலை போட்டபோது நிஜமாகவே கும்பிட்டேன். மறுநாள் ஜபத்தில் மனுக் கொடுக்கவே மறந்துபோனேன். அதற்கடுத்த நாள் கத்தரிக்காய் நறுக்கும்போது விரல் வெட்டுப்பட்டது. மனு ஞாபகம் வந்துவிட்டது.

நாற்பத்தெட்டாம் நாள். சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், பருப்புப் பாயசம். மூன்றையும் நானே செய்தேன். செல்லக்கிளி இலையை மடித்துவிட்டு எழுந்தாள். கேட்டுவிட வேண்டியதுதான்.

"கிளி, இந்த ஒரு மண்டலத்துல ஒனக்கு வேலைய விட்டுரலாம்னு எப்பயாச்சும் தோணுச்சா?"

"தோணுச்சுங்க. சேர்றதுக்கு முந்தியே தோணுச்சு."

உடம்பெல்லாம் சிலிர்த்தது. தாயே! மனுப் போடும் முன்னாலேயே உத்தரவா!

"பள்ளிக்கூடத்து அடுப்பு, வீட்டு அடுப்பு, ரெண்டையும் ஒருத்தியாப் பாக்க முடியாதுன்னு பட்டுச்சு. வேலை வேண்டாம்னு எழுதிக் கவர்ல போட்டு ஒட்டியே வச்சிருந்தேன். உங்ககிட்டக் குடுத்துப் போஸ்ட் பண்ணச் சொல்லலாம்னு காத்துக்கிட்டிருந்தேன். அப்பத்தான் நீங்க சிம்மக்கல்லுலருந்து வந்து, உபாசனை பண்ணப் போறேன்னு நின்னீக. உபாசனைன்னா சுயம்பாகம் இல்லாம இருக்காதேன்னு நெனச்சேன். சாமிகிட்டக் கேட்டேன். இருந்துச்சு. வந்து கவரைக் கிழிச்சுட்டேன்."

நான் அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டேன். சும்மா இருந்திருந்தால் ஜெயித்திருப்பேன். ஒரு தபால்தலைச் செலவோடு முடிந்திருக்கும்.

"அதனால என்ன கிளி?" குரல் எனக்கே பாவமாக இருந்தது. "இப்ப எழுதிருவோம். பேனா தாரேன். விரதந்தான் முடிஞ்சு போச்சே!"

செல்லக்கிளி பாயசச் சட்டியை வழித்து ஒரு வாய் போட்டுக்கொண்டாள்.

"இனிமே எதுக்குங்க எழுதணும்? அதான் வீட்டுக்கு நல்ல சமையல் ஆள் கிடைச்சுட்டாரே."