பொத்தான் போட்ட அடுப்பு

அன்புள்ள சித்திக்கு,

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். சித்தப்பாவிடமும் வேண்டாம். அவர் நல்லவர்தான், ஆனால் ஒரு ரகசியத்தை வைத்துக்கொண்டு அவரால் ஒரு வேளைச் சாப்பாடுகூட முழுதாகச் சாப்பிட முடியாது.

நீங்கள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் தேவைக்கு மேலேயே சுகமாக இருக்கிறோம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மூன்று வாரமாக எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அப்பா அதற்கு ஓர் உறை தைத்துவிட்டார். தையல்காரர் இல்லையா, அளவெடுத்து, கெட்டித் துணியில், பதினோரு பொத்தான் வைத்துத் தைத்தார். அது போதாதென்று பொத்தான்களின் மேலும் ஒரு தையல் ஓட்டிவிட்டார். ரத்தப் பரிசோதனையில் அவருக்குச் சர்க்கரை எக்கச்சக்கம் என்று வந்ததுதான் காரணம். மறுநாள் கால்சட்டைக்கு அளவு கொடுக்க வந்த ஒருவர், “நெருப்புப் பட்டா சத்தெல்லாம் போச்சு சார், பச்சையா தின்னு பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அன்றிலிருந்து கேரட், வெள்ளரிக்காய், முட்டைக்கோஸ், முளைகட்டிய பயறு, ஊறவைத்த வேர்க்கடலை, திரும்பவும் கேரட். ஜன்னலில் வைத்த வெள்ளரிக்காய் வெயிலில் சூடாகிவிட்டதால் அது சமைத்ததா பச்சையா என்று அப்பாவும் அம்மாவும் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். பீட்ரூட் சாறு குடித்துக்கொண்டே தைத்ததில் ஒருவருடைய வெள்ளைச் சட்டையில் சாறு கொட்டிவிட்டது. அப்பா அந்த இடத்தில் இரண்டாவதாக ஒரு பை வைத்துத் தைத்துக் கொடுத்தார். அந்த ஆள் சந்தோஷப்பட்டு, மற்ற சட்டைகளுக்கும் அப்படியே வேண்டும் என்று கொண்டுவந்துவிட்டார். அம்மா தாடையைப் பிடித்துக்கொண்டு, “கட்டிக்கிட்ட பாவத்துக்கு மெல்றேன்” என்கிறாள். ஆனால் அப்பாவுக்கு இடுப்பு இரண்டு அங்குலம் குறைந்துவிட்டது. அந்தப் பரிசோதனைத் தாளை வெட்டு மேசைக்கு மேலே சுவரில் பசை போட்டு ஒட்டிவைத்து, வருகிறவர்களிடமெல்லாம், “என் கண்ணைத் திறந்தது இதுதான்” என்று காட்டுகிறார்.

மாடி வீட்டுக்காரரும் அன்று அப்பாவோடு போய் ரத்தம் கொடுத்தவர்தான். அவருக்கு ஒன்றுமே இல்லை என்று வந்தது. அந்தச் சந்தோஷத்தில், பல வருடமாக விட்டிருந்த இனிப்பை எல்லாம் சேர்த்து வைத்துச் சாப்பிடுகிறார். மாலையானால் கையில் தட்டோடு இறங்கி வந்து, “என்ன டெய்லர், இன்னைக்கு எங்க மேய்ச்சல்?” என்பார். அப்பா கோபப்பட மாட்டார். “சிரிங்க சார். உங்களுக்கென்ன, இரும்பு உடம்பு” என்பார்.

சித்தி, அது இரும்பு உடம்பு இல்லை.

முடிவு வந்த அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் இரண்டு பேருடைய முடிவுகளையும் நான்தான் வாங்கிவந்தேன். மழை. உறைகள் இரண்டும் நனைந்துவிட்டன. அப்பாவும் அம்மாவும் வெளியே போயிருந்தார்கள். நான் தொடவே கூடாது என்று சொல்லியிருந்த இஸ்திரிப் பெட்டியை எடுத்து, தாள்களை வெளியே உருவி, உறைகளைத் தேய்த்துக் காயவைத்து, திரும்பப் போட்டேன். பெயர் உறையின் மேல்தான் இருந்தது, தாளில் வெறும் எண்தான். சரியாகத்தான் போட்டேன் என்று சத்தியம் செய்யக்கூடத் தயாராக இருந்தேன். இன்றைக்குத் துணி ஊறவைக்கும் முன் ரத்தம் கொடுக்கப் போட்டுப் போய்விட்டு ஆணியிலேயே மாட்டியிருந்த அப்பாவின் சட்டைப் பையைப் பார்த்தால், அன்று அங்கே கொடுத்த எண் சீட்டு மடித்தபடி கிடக்கிறது. அதில் இருபத்தெட்டு. சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் இருபத்தேழு. நான்கு முறை ஓடிப்போய்ப் பார்த்தேன். அது மாறவே இல்லை.

இன்று மாலை மாடி வீட்டுக்காரர் தட்டோடு இறங்கும்போது படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “லேசா தலை சுத்துது, ஒண்ணுமில்ல. ரிப்போர்ட்தான் சுத்தமா இருக்கே” என்றார். தட்டைக் கீழே வைக்கவில்லை.

நீங்கள் மருந்துக்கடையில் வேலை செய்வதால் உங்கள் பேச்சை அப்பா தட்ட மாட்டார். நான் போனில் பேசினால் வீட்டில் எல்லோர் காதிலும் விழும்; அதனால் கடிதம் கிடைத்ததும் நீங்களே போன் செய்து, ஒரு முறை எடுத்தால் போதாது, இரண்டு பேரும் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிவிடுங்கள். என் பெயர் வரவே கூடாது. பொறுப்பான பொண்ணு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும் அப்பாவின் முகத்தை என்னால் பார்க்க முடியாது. அதைவிட, மூன்று வாரமாகச் சும்மாவே மென்றோம் என்று தெரிந்தால் அம்மா என்ன செய்வாள் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். பாப்பாவுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம்.

உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: உறையில் முகவரி எழுதும்போதுதான் உறைத்தது. இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேர மூன்று நாளாகும். அதற்குள் அவர் மூன்று தட்டு சாப்பிட்டுவிடுவார். அதனால் மேலே கேட்டது எதையும் செய்ய வேண்டாம். நானே சொல்லிவிடுகிறேன். காலையில் சொல்கிறேன். இல்லை, காலையிலும் அவர் இனிப்புத்தான்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா. “லைட் எரியுது, தூங்கலையாம்மா? பசிக்குதா? கேரட் நறுக்கித் தரட்டா?”

“வேணாம்பா. சுவத்துல இருக்கிற அந்தத் தாளை எடுத்துக்கிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டேன். எதற்கு என்று கேட்காமலே போயிருக்கிறார். பசை நன்றாகப் பிடித்திருக்கிறது போலிருக்கிறது, நகத்தால் சுரண்டுகிற சத்தம் கேட்கிறது. இப்போது நின்றுவிட்டது. வருகி